கைவிட்ட சுரங்கத்துத் தண்ணீரைச் சுத்தம் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் வேலை செய்கிறேன் என்று சொன்னாலே போதும், யாராவது போனை நீட்டி ஆரஞ்சு நிறத்தில் ஓடும் ஆற்றின் படத்தைக் காட்டி "இது நிஜமா?" என்று கேட்பார்கள். நிஜம்தான். அதற்கப்புறம் வரும் கேள்விகளும் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை என்பதால் இங்கே தொகுத்து வைக்கிறேன், கேட்டவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே.

உதாரணத்துக்கு இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கார்ன்வாலில் உள்ள வீல் ஜேன் என்ற வெள்ளீயச் சுரங்கத்தை எடுத்துக்கொள்கிறேன். பம்ப் நின்றது, ஆறு கெட்டது, ஆலை கட்டியது என்று முழுக்கதையும் அந்த ஒரே இடத்தில் இருக்கிறது. மற்ற ஊர்கள் தேவைப்படும் இடத்தில் வரும்.

சுரங்கத்தை மூடிட்டாங்க, வேலையும் நடக்கல. அப்புறம் தண்ணி எப்படிக் கெட்டுப்போகும்?

வேலை நடக்கிற வரைக்கும்தான் தண்ணீர் கட்டுக்குள் இருக்கும். நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே போகிற எந்தச் சுரங்கத்திலும் இரவும் பகலும் பம்ப் ஓடியாக வேண்டும், இல்லாவிட்டால் ஆள் இறங்க முடியாது. மூடும்போது பம்பை நிறுத்திவிடுகிறார்கள், தண்ணீர் பழைய மட்டத்தை நோக்கி ஏற ஆரம்பிக்கிறது.

செம்பு, துத்தநாகம், வெள்ளீயம், நிலக்கரி எடுக்கிற பல இடங்களில் பைரைட் என்ற கனிமமும் கூடவே இருக்கும். இரும்பும் கந்தகமும் சேர்ந்தது அது. காற்றுப் படாமல் பூமிக்குள் கிடந்தவரை அதனால் தொல்லையில்லை. சுரங்கம் தோண்டியதும் காற்றும் ஈரமும் பட்டு அதன் கந்தகம் கந்தக அமிலமாக மாறுகிறது, அந்த அமிலம் பக்கத்துப் பாறையில் இருக்கும் துத்தநாகம், காட்மியம், செம்பு, ஆர்செனிக் எல்லாவற்றையும் கரைத்து இழுத்துவருகிறது. இரும்பைத் தின்று வாழும் பாக்டீரியாக்கள் இந்த வேலையைப் பத்து லட்சம் மடங்கு வரை வேகப்படுத்துகின்றன. ஒருமுறை ஆரம்பித்துவிட்டால், கரைந்த இரும்பே திரும்பவும் பைரைட்டை அரிக்கும், அதனால் அது தன்னைத்தானே ஓட்டிக்கொள்கிறது. மனிதர்கள் வெளியேறிய பிறகும் நிற்காததற்குக் காரணம் இதுதான்.

ஆறு ஆரஞ்சா இருந்தாதானே கவலைப்படணும்? தெளிவா இருந்தா பரவாயில்லதானே?

தெளிவாக இருப்பதை நம்பவே கூடாது. சுரங்க வாயிலில் இருந்து வரும் தண்ணீர் பல இடங்களில் கண்ணாடி மாதிரிதான் இருக்கும், ஏனென்றால் அமிலம் அதிகமாக இருக்கும்போது இரும்பு கரைந்தே இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. கொஞ்ச தூரம் ஓடி, காற்றுப் பட்டு, நல்ல தண்ணீர் கலந்து அமிலம் தணிந்ததும்தான் இரும்பு துருவாகப் பிரிந்து கல்லிலும் மணலிலும் படியும். அதாவது ஆரஞ்சாகத் தெரிகிற இடத்தைவிட அதற்கு மேலே தெளிவாகத் தெரிகிற இடத்தில் தண்ணீர் மோசமாக இருக்கலாம்.

ஆரஞ்சுப் படிவு மட்டும் என்ன சாது என்று நினைக்க வேண்டாம். அது ஆற்றின் அடியை மூடிவிடும், மீன் முட்டையிட இடமில்லை, மீனுக்கு இரையாகும் பூச்சிகளுக்கும் இடமில்லை. துத்தநாகத்துக்கும் காட்மியத்துக்கும் நிறமே கிடையாது என்பதையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீல் ஜேனில் அப்படி என்னதான் நடந்தது?

1985 அக்டோபரில் உலக வெள்ளீயச் சந்தை சரிந்தது. கார்ன்வால் சுரங்கங்கள் ஒவ்வொன்றாகத் தள்ளாடி, 1991-ல் வீல் ஜேனும் மூடப்பட்டு பம்புகள் நின்றன. அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே தண்ணீர் மேலே வந்துவிட்டது. அவசரத்துக்குச் சுண்ணாம்பு போட்டுச் சமாளித்தார்கள், அப்புறம் சுரங்கத்தின் வடிகால் பாதையை அடைத்து வைத்தார்கள். 1992 ஜனவரியில் நாங்கிள்ஸ் என்ற பக்கத்து வடிகாலில் இருந்த அடைப்பு பிய்த்துக்கொண்டது. சுமார் 5 கோடி லிட்டர் அமில நீர் கார்னன் ஆற்றில் இறங்கி, ஃபால் கழிமுகம் வரை ஆரஞ்சாகப் பரவியது. இரும்பு மட்டும் இல்லை, துத்தநாகம், காட்மியம், ஆர்செனிக் எல்லாம் அதில் இருந்தன.

பல ஆண்டுகள் தற்காலிக ஏற்பாட்டில் ஓட்டியபின் 2000-ல் நிரந்தரச் சுத்திகரிப்பு ஆலை வந்தது. இன்றுவரை அது ஓடிக்கொண்டிருக்கிறது.

சரி, அந்த ஆலையில் என்ன மருந்து போடறாங்க?

சுண்ணாம்பு. சுவருக்கு அடிக்கிறோமே, அதே நீற்றிய சுண்ணாம்புதான். விலை குறைவு, எல்லா நாட்டிலும் கிடைக்கும், உலகத்தில் பெரும்பாலான அமிலச் சுரங்க நீர் ஆலைகள் இதை நம்பித்தான் ஓடுகின்றன. சுண்ணாம்புப் பால் விட்டதும் அமிலம் முறிந்து பிஹெச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண், குறையக் குறைய அமிலம் அதிகம்) ஏறும், கரைந்திருந்த உலோகங்கள் ஹைட்ராக்சைடாகத் திரளும், காற்றை ஊதிவிட்டால் இரும்பு முழுமையாகத் துருவாகும், கொஞ்சம் பாலிமர் சேர்த்தால் சின்னத் துகள்கள் ஒட்டிப் பெரிதாகித் தெளிவுத் தொட்டியில் அடியில் இறங்கும். மேலே வழியும் தண்ணீர் ஆற்றுக்குப் போகும்.

இதை ஒரு கண்ணாடி ஜாடியில் பார்க்கலாம். இரும்பு நிறைந்த சுரங்க நீர் ஒரு லிட்டர், அதில் சுண்ணாம்புப் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கலக்க வேண்டும். முதலில் ஒன்றும் நடக்காதது போல இருக்கும். அப்புறம் ஒரு கட்டத்தில் சட்டென்று ஜாடி முழுக்க அழுக்குப் பச்சை நிறத்தில் பொங்கிய மாதிரி திரளும். காற்றுப் படாத இரும்பின் நிறம் அது. அப்படியே மேசையில் வைத்துவிட்டால் தண்ணீரின் மேல்பரப்பில் ஒரு மெல்லிய பழுப்புக் கோடு விழும், அது மெதுவாகக் கீழே இறங்கிப் பச்சையைத் தின்றுகொண்டே போகும். ஆலையில் காற்றை ஏன் ஊதுகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன்.

சுண்ணாம்புக்கல்லை ஆத்துல கொட்டிட்டா ஆலையே வேண்டாமே?

இரும்பும் அலுமினியமும் குறைவாக உள்ள லேசான அமில நீருக்குச் சில இடங்களில் இது பலன் தரும். சுரங்க நீருக்குப் பெரும்பாலும் தராது. கல்லைச் சுற்றி அமிலம் முறிந்ததும் இரும்பு அங்கேயே, அந்தக் கல்லின் மேலேயே படிகிறது. சில மாதங்களில் கல்லின் மேல் துருத் தோல் மூடிவிடும், உள்ளே சுண்ணாம்பு அப்படியே இருக்கும், தண்ணீர் தொட முடியாது.

இதைத் தவிர்க்க ஒரு வழி உண்டு. காற்றே புகாதபடி கல்லை மண்ணுக்குள் புதைத்து அதன் வழியே தண்ணீரை விடுவார்கள். காற்றில்லாததால் இரும்பு அங்கே துருவாகாது, வெளியே வந்தபின் குட்டையில் படியும். அமெரிக்காவின் நிலக்கரிப் பகுதிகளில் இது நிறைய உண்டு. ஆனால் உள்ளே வரும் தண்ணீரில் ஏற்கெனவே ஆக்ஸிஜனோ அலுமினியமோ இருந்தால் இதுவும் அடைத்துக்கொள்ளும். தண்ணீரைப் பரிசோதிக்காமல் கல் லாரியைக் கூப்பிடாதீர்கள் என்பதுதான் என் ஆலோசனை.

சுண்ணாம்பைத் தாராளமா அள்ளிப் போட்டா எல்லா உலோகமும் போயிடுமா?

ஒவ்வொரு உலோகத்துக்கும் ஒரு பிஹெச் உண்டு. முழுக்கத் துருவான இரும்பு பிஹெச் 3.5 அருகிலேயே விழ ஆரம்பிக்கும், அலுமினியம் 5 வாக்கில், துத்தநாகத்துக்கு 9 பக்கம் போக வேண்டும், மாங்கனீசு அதற்கும் மேலே கேட்கும். அந்த உயரத்தில் அலுமினியம் திரும்பக் கரைய ஆரம்பித்துவிடும். அதனால் ஒரே தொட்டியில் எல்லாவற்றையும் பிடிக்க நினைத்தால் ஏதோ ஒன்று தப்பித்துக்கொண்டே இருக்கும். பல ஆலைகளில் இரண்டு கட்டமாகச் செய்வது இதனால்தான்.

அதிகமாகப் போட்டால் இன்னொரு தொல்லை, வெளியேறும் தண்ணீர் காரமாகி அதுவே மீனுக்கு ஆகாது. அப்புறம் கசடும் கூடும். கசடு கூடுவதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது, அடுத்த கேள்வியே அதுதான்.

அடியில் இறங்கிய கசடை எங்கே கொண்டுபோய் வைப்பாங்க?

என்னைக் கேட்டால் மொத்தத் தொழிலும் இங்கேதான் இருக்கிறது. உலோகம் மறைந்துவிடுவதில்லை, தண்ணீரிலிருந்து கசடுக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான். சாதாரண முறையில் வரும் கசடில் நூற்றுக்கு மூன்று நான்கு பங்குதான் திடம், மற்றதெல்லாம் தண்ணீர். 100 கிலோ உலர்ந்த பொருளை அப்புறப்படுத்தச் சுமார் மூவாயிரம் கிலோ கூழைச் சுமக்க வேண்டும்.

வீல் ஜேன் உட்படப் பெரிய ஆலைகளில் ஒரு நல்ல உத்தி இருக்கிறது. இறங்கிய கசடை வெளியே தள்ளாமல் திரும்பத் திரும்ப முதல் தொட்டிக்கே அனுப்பி, சுண்ணாம்புப் பாலை அந்தக் கசடோடு முதலில் கலந்து, அதற்கப்புறம்தான் சுரங்க நீரோடு சேர்க்கிறார்கள். புதிதாகப் பிரியும் உலோகம் பழைய துகளின் மேலேயே ஒட்டிக் கெட்டியாக வளர்கிறது. திடம் நூற்றுக்கு இருபதைத் தாண்டும். அப்போது அதே 100 கிலோவுக்கு 500 கிலோ கூழைச் சுமந்தால் போதும். கூடுதலாக ஒரு குழாயும் பம்பும் வைத்து இவ்வளவு சேமிக்கலாம் என்பது எனக்கு இன்னமும் வியப்பான விஷயம்.

வீல் ஜேனின் கசடு சுரங்கம் ஓடிய காலத்துக் கழிவு மண் அணைக்கே போகிறது. அந்த அணையும் ஒருநாள் நிரம்பும், அதற்கும் திட்டம் வேண்டும்.

நாணல், கோரை வளர்த்துச் சுத்தம் பண்றாங்களாமே? கரண்டே வேண்டாமாமே?

உண்மைதான், தண்ணீர் ஏற்றதாக இருந்தால் அருமையான முறை. பிரிட்டனில் பழைய நிலக்கரிச் சுரங்கங்களுக்குக் கீழே இப்படி நிறையக் குட்டைகளும் நாணல் படுகைகளும் இருக்கின்றன. அங்கே தண்ணீரில் இரும்பு இருக்கும், அமிலம் அதிகம் இருக்காது. காற்றுப் பட்டால் போதும், இரும்பு படியும், நாணல் தண்ணீரை மெதுவாக்கிப் படிவைப் பிடித்துவைக்கும். உலோகத்தை நாணல் உறிஞ்சிவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள், அது செய்வது மிகக் கொஞ்சம்.

அமிலமும் துத்தநாகமும் காட்மியமும் நிறைந்த நீருக்கு இது தனியாகப் போதாது. சாணம், மரத்தூள், மக்கு போன்றவை நிரப்பிய காற்றில்லாத படுகையில் வேறு பாக்டீரியாக்கள் கந்தக அமிலத்திலிருந்து வந்த சல்பேட்டை சல்பைடாக்கி உலோகத்தைப் பிடிக்கும் முறை இருக்கிறது. வீல் ஜேனில் நாணல், மக்குப் படுகை, பாறைப் படுகை மூன்றையும் வரிசையாக வைத்துச் சோதனை ஆலையே கட்டிப் பார்த்தார்கள். நிறையக் கற்றுக்கொண்டார்கள். ஆனால் முழு ஓட்டத்துக்கு வந்தபோது சுண்ணாம்பு ஆலையைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். இயற்கை முறைக்கு நிலம் ஏராளமாக வேண்டும், குட்டையைத் தூர்வார வேண்டும், மக்கை மாற்ற வேண்டும். ஒருமுறை கட்டிவிட்டு மறந்துவிடலாம் என்று யாராவது விற்க வந்தால் நம்ப வேண்டாம்.

சுரங்க வாயை கான்கிரீட் போட்டு அடைச்சிட்டா தீர்ந்ததுதானே?

மேலே வீல் ஜேன் கதையைப் படித்திருந்தால் பாதிப் பதில் தெரிந்திருக்கும். அடைத்தால் தண்ணீர் நிற்காது, பின்னால் உயரும், அழுத்தம் கூடும், வேறு வழி தேடும். மலைக்குள் ஒரு சுரங்கம் தனியாக இருப்பது அபூர்வம், பழைய பாதைகள் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கும், நிறைய இடங்களில் வரைபடமே கிடையாது.

அமெரிக்காவின் கொலராடோவில் சில்வர்ட்டன் அருகே கோல்ட் கிங் சுரங்கம். சரிந்து மூடிக்கிடந்த வாயிலுக்குப் பின்னால் தண்ணீர் அழுத்தத்தோடு தேங்கியிருந்தது. 2015 ஆகஸ்ட் 5 அன்று அதை ஆராயப் போன சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் குழு தோண்டும்போது வாயில் உடைந்து 30 லட்சம் கேலன், அதாவது ஒரு கோடி லிட்டருக்கு மேல், அனிமாஸ் ஆற்றில் பாய்ந்தது. கீழே நவஹோ பழங்குடி மக்கள் பாசனக் கால்வாய்களை மூட வேண்டியதாயிற்று. நீங்கள் போனில் காட்டும் ஆரஞ்சு ஆற்றுப் படம் பெரும்பாலும் அதுதான். நன்றாக வடிவமைத்து, அழுத்தத்தை அளந்துகொண்டு, திறக்கும் வால்வோடு வைக்கும் அடைப்பு பயன்படும். ஆனால் அது சுத்திகரிப்புக்கு மாற்று இல்லை.

காத்து பட்டாதானே அமிலம் வரும்னீங்க? அப்ப சுரங்கம் முழுக்கத் தண்ணி நிரம்பிட்டா நின்னுடணுமே?

கேட்டவர் முதல் பதிலைக் கவனமாகப் படித்திருக்கிறார். தண்ணீரில் மூழ்கிய பைரைட்டுக்குக் கிடைக்கும் ஆக்ஸிஜன் மிகக் குறைவு, அதனால் அங்கே அமிலம் உண்டாவது கிட்டத்தட்ட நின்றுவிடும். அரைத்த கழிவு மண்ணை வேண்டுமென்றே தண்ணீருக்கு அடியில் வைப்பதும் இதற்காகத்தான்.

ஆனால் சுரங்கம் ஓடிய பத்துப் பதினைந்து ஆண்டுகளில், சில இடங்களில் நூறு ஆண்டுகளில், ஈரமும் காற்றும் பட்டு உண்டான உலோக உப்புகள் சுவரெல்லாம் பூத்துக் கிடக்கும். தண்ணீர் ஏறும்போது அவை அத்தனையும் ஒரே நேரத்தில் கரைந்து வரும். முதல் வெளியேற்றம் எப்போதும் மிக மோசமாக இருப்பது இதனால். அதற்கப்புறமும் மழைக்கு மழை நீர்மட்டம் ஏறி இறங்குகிற பகுதியில், நனைந்து காய்ந்து நனைந்து, அமிலம் உண்டாகிக்கொண்டே இருக்கும்.

ஒரு பெரிய குழியில் தேக்கி அப்படியே விட்டுடக் கூடாதா?

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் பியூட் நகரத்தில் பெர்க்லி குழி இருக்கிறது. 1955-ல் தோண்ட ஆரம்பித்த செம்புச் சுரங்கம், ஆழம் அரை கிலோமீட்டருக்கு மேல். 1982-ல் பம்புகள் நின்றன, குழி அமில நீரால் நிரம்ப ஆரம்பித்தது. 1995-ல் அந்த ஏரியில் இறங்கிய பனி வாத்துகளில் 342 செத்தன. 2016 நவம்பரில் மறுபடியும், இந்த முறை ஆயிரக்கணக்கில். இன்று பறவைகள் இறங்காமல் விரட்டுவதற்கே ஆட்களும் கருவிகளும் இருக்கிறார்கள்.

நீர்மட்டம் ஒரு குறிப்பிட்ட உயரத்தைத் தாண்டினால் நகரத்து நிலத்தடி நீருக்குள் பாயும் என்பதால் அதற்கு முன்பே 2019 முதல் எடுத்துச் சுத்தம் செய்து ஓடையில் விடுகிறார்கள். குழியில் தேக்குவது அவகாசம் வாங்கித் தரும். அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

எத்தனை வருஷத்துக்கு இப்படிச் சுத்தம் பண்ணிக்கிட்டே இருக்கணும்?

இதைச் சொல்லும்போதுதான் எதிரில் இருப்பவர் முகம் மாறும். முதல் மோசமான கட்டம் தணிவதற்கு, சுரங்கம் நிரம்ப எவ்வளவு காலம் ஆனதோ அதைப்போல நான்கு மடங்கு காலம் ஆகும் என்று பிரிட்டிஷ் அனுபவத்தில் ஒரு கணக்கு சொல்வார்கள். பத்து ஆண்டில் நிரம்பினால் நாற்பது ஆண்டு. அதற்குப் பிறகும் குறைந்த அளவில் தொடரும்.

கலிஃபோர்னியாவின் அயர்ன் மவுன்டன் சுரங்கத்துக்கு 3,000 ஆண்டுகள் வரை என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அங்கே பாறைக்குள் சொட்டிய நீரில் பிஹெச் சுழியத்துக்கும் கீழே, கழித்தல் 3.6 வரை அளந்தார்கள். வேலை நின்றது 1963-ல். சுண்ணாம்பு ஆலை வந்தது 1990-களில். மூவாயிரம் ஆண்டு ஒரு ஆலையை ஓட்டும் நிறுவனம் என்று எதுவும் மனித வரலாற்றில் இல்லை. புதிய சுரங்கத்துக்கு அனுமதி கேட்கும் கூட்டத்தில் யாராவது இதை எழுந்து சொல்ல வேண்டும்.

அந்த உலோகத்தையே எடுத்து வித்துடலாமே? செலவு தானா வந்துடும்ல?

செம்பு அதிகமாக இருந்தால் முடியும். பியூட்டில் குழி நீரைப் பழைய இரும்புத் துண்டுகளின் மேல் ஓடவிட்டுச் செம்பைப் பிரித்தெடுத்தார்கள். இரும்பு கரைந்து போகும், அந்த இடத்தில் செம்பு படியும். அமெரிக்காவின் ஓஹையோவில் நிலக்கரிச் சுரங்க நீரின் இரும்புப் படிவைச் சுத்தமாக்கி ஓவியர்களுக்கான வண்ணமாக விற்கிறார்கள், பல்கலைக்கழகப் பொறியாளரும் ஓவியரும் சேர்ந்து செய்த வேலை அது. இங்கிலாந்தில் கேட்ஸ்ஹெட் நகரம் நீர் நிரம்பிய பழைய நிலக்கரிச் சுரங்கத்தின் சூட்டை எடுத்துக் கட்டடங்களுக்குக் கொடுக்கிறது.

எல்லாம் நல்ல முயற்சிகள், ஊக்கப்படுத்த வேண்டியவை. ஆனால் கசடில் இரும்போடு ஆர்செனிக்கும் காட்மியமும் சேர்ந்துவிட்டால் யாரும் வாங்க மாட்டார்கள். வருமானம் செலவில் ஒரு பகுதியைத் தாங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள், முழுக்கத் தாங்கும் என்று திட்டம் போடாதீர்கள்.

சுத்தம் பண்ணின தண்ணியைக் குடிக்கலாமா?

சுண்ணாம்பு மட்டும் போட்ட தண்ணீரைக் குடிக்கக் கூடாது. உலோகம் போயிருக்கும், சல்பேட் போயிருக்காது. சுண்ணாம்பு சல்பேட்டை ஜிப்சமாக மாற்றும், ஆனால் ஜிப்சமே ஓரளவு கரையக்கூடியது என்பதால் லிட்டருக்கு 1,500 முதல் 2,000 மில்லிகிராம் வரை தண்ணீரிலேயே நின்றுவிடும். நம் இந்தியக் குடிநீர்த் தரத்தில் ஏற்கத்தக்க அளவு 200, வேறு நீர் ஆதாரம் இல்லாவிட்டால் 400.

அதற்கு மேலும் சுத்தப்படுத்த முடியும். தென்னாப்பிரிக்காவின் இமலாஹ்லேனி நகரத்தில் 2007 முதல் நிலக்கரிச் சுரங்க நீரைச் சுண்ணாம்பு போட்டு, வடிகட்டி, அப்புறம் ஆர்ஓ சவ்வு வழியே செலுத்தி ஊருக்கே குடிநீராகக் கொடுக்கிறார்கள். தண்ணீர் பஞ்சமுள்ள ஊருக்குப் பெரிய விஷயம். மின்சாரச் செலவும் உப்புக் கழிவும் அதிகம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இத்தனைக்கும் யார் காசு கொடுக்கணும்? கம்பெனிதானே?

கொடுக்க வேண்டியது கம்பெனிதான், கொடுத்தது பல இடங்களில் மக்கள்தான். வீல் ஜேன் காலத்துப் பிரிட்டிஷ் சட்டத்தில், கைவிட்ட சுரங்கத்திலிருந்து நீர் வெளியேற விட்டதற்காக உரிமையாளரைப் பிடிக்க முடியாதபடி ஒரு விலக்கு இருந்தது. 1999 இறுதிக்குப் பிறகு கைவிடப்படும் சுரங்கங்களுக்குத்தான் அந்த விலக்கை நீக்கினார்கள். அதனால் அந்த ஆலை அரசுப் பணத்தில் ஓடுகிறது. கொலராடோவின் சம்மிட்வில்லில் 1992-ல் தங்கச் சுரங்க நிறுவனம் திவாலாகிப் போக, பம்புகள் நிற்காமல் இருக்க அரசே ஓடிவந்து எடுத்து நடத்த வேண்டியதாயிற்று. அயர்ன் மவுன்டனில் மட்டும் 2000-ல் ஒரு நல்ல உடன்பாடு வந்தது, வருங்காலச் செலவுக்கான ஏற்பாட்டை நிறுவனத்திடம் முன்கூட்டியே வாங்கிவிட்டார்கள்.

லாபம் வருகிற ஆண்டுகளிலேயே சுத்திகரிப்புக்கான பணத்தை வங்கி உத்தரவாதமாக வாங்கி, அந்தத் தொகையைச் சில ஆண்டுக்கு ஒருமுறை மறுகணக்குப் போட வேண்டும். பம்ப் நின்றபின் கேட்டால் கேட்பதற்கு ஆளே இருக்காது.

ஓனரே யாருன்னு தெரியலைன்னா?

மேகாலயாவின் ஜைந்தியா மலைகளில் அதுதான் நிலைமை. ஆயிரக்கணக்கான எலிவளைச் சுரங்கங்கள் (ஆள் தவழ்ந்து போகும் குறுகிய பொந்துகள்), பெரும்பாலும் தனியார் நிலத்தில், சின்னச் சின்னதாக. நிலக்கரியில் கந்தகம் அதிகம். அங்கே லுகா ஆறு குளிர்காலத்தில் நீலமாக மாறும், மீன்கள் அற்றுப்போயின. இன்னொரு பக்கம், கோபிலி ஆற்று நீர்மின் நிலையத்தின் இயந்திரங்களை அமிலம் அரித்தது. 2014 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் எலிவளைச் சுரங்கத்தைத் தடை செய்தது, 2019 ஜனவரியில் மாநில அரசுக்கு 100 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

ஆயிரம் வாயில்களுக்கு ஆயிரம் ஆலை கட்ட முடியாது. ஓடைகள் சேரும் இடத்தில் ஒரு பொது அமைப்பு, கழிவுக் குவியல்களை மழை படாமல் மூடுவது, மழைநீர் குழிக்குள் இறங்காமல் திருப்பிவிடுவது, இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும். மழைநீரைத் திருப்புவது மலிவான வேலை, அதை முதலில் செய்தால் ஆலையின் அளவே குறையும்.

எங்க ஊர் கல்குவாரியிலும் தண்ணி நிக்குது. அதுவும் இப்படித்தானா?

பெரும்பாலும் இல்லை. தமிழ்நாட்டில் ஜல்லிக்கு உடைக்கும் கிரானைட், சார்னோகைட் பாறைகளில் பைரைட் சொற்பம், அமிலம் உண்டாவது அபூர்வம். அங்கே உண்மையான ஆபத்து நீரில் மூழ்குவதும், இரவில் லாரியில் வந்து கொட்டும் கழிவும்தான். அந்தக் குவாரியில் யார் என்ன கொட்டினார்கள் என்பதை விசாரியுங்கள்.

கேஜிஎஃப்பில் எங்க தாத்தா வேலை பார்த்தார். அங்கேயும் சுரங்கம் முழுக்கத் தண்ணியாமே?

ஆமாம். 2001 பிப்ரவரி 28 அன்று கோலார் தங்கவயல் மூடப்பட்டது, பிறகு ஆழ்சுரங்கங்களில் தண்ணீர் நிரம்பியது. 1880-களில் இங்கே ஜான் டெய்லர் நிறுவனம் கூட்டிவந்த வெள்ளைக்காரச் சுரங்கத்தார் பலர் கார்ன்வால்காரர்கள். அவர்களோடு சேர்ந்து ஆழத்தில் உழைத்தவர்கள் பெரும்பாலும் நம் தமிழ் மக்கள். இந்த விஷயத்தில் எனக்கு அக்கறை அதிகம் வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கோலாரின் முக்கியத் தங்கம் குவார்ட்ஸ் நரம்புகளில் இருந்தது, மேற்குப் பக்கத்துச் சில நரம்புகளில்தான் சல்பைடு அதிகம். அதனால் வீல் ஜேன் கதையை அப்படியே இங்கே ஒட்ட வேண்டாம். தங்கம் பிரித்தபின் மிஞ்சி, ஊருக்கு நடுவில் மலை போலக் குவிந்திருக்கும் சயனைடு மண் மேடுகள் காற்றில் பறப்பதும், மழையில் கரைந்து இறங்குவதும்தான் அங்கே மக்கள் அன்றாடம் படும் தொல்லை. மேட்டுக்கு அருகில் கிணறு வைத்திருப்பவர்கள் அடுத்த பதிலைப் படியுங்கள்.

கிணத்துத் தண்ணி மேல சந்தேகமா இருக்கு. எப்படிச் சோதிக்கிறது? கொதிக்க வச்சா போதுமா?

கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உலோகம் போகாது, நீர் சுண்டச் சுண்டச் செறிவு கூடத்தான் செய்யும். முதலில் பிஹெச், கடத்துதிறன் (தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும் அளவு), சல்பேட், இரும்பு, மாங்கனீசு பாருங்கள். சல்பேட் அதிகம் என்றால் சந்தேகத்துக்கு இடமுண்டு, பிறகு ஆர்செனிக், காட்மியம், ஈயம், துத்தநாகம் பார்க்கச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட ஆய்வகங்கள் உண்டு.

மாதிரி எடுப்பதில் பலர் கவனிக்காத ஒன்று. உலோகத்துக்கான பாட்டிலில் ஆய்வகமே கொடுக்கும் நைட்ரிக் அமிலத்தை எடுத்த இடத்திலேயே சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் பஸ்ஸில் போய்ச் சேருவதற்குள் இரும்பு துருவாகிப் பாட்டிலின் அடியில் படிந்துவிடும், ஆர்செனிக்கையும் கூடவே இழுத்துக்கொண்டுபோகும், மேலே இருக்கும் தெளிவான நீரை அளந்து "எல்லாம் சரி" என்று அறிக்கை வந்துவிடும். பிஹெச்சை முடிந்தால் கிணற்றடியிலேயே பாருங்கள்.

அந்தப் பழைய சுரங்கத்தையே திரும்பத் திறந்துட்டா தண்ணிப் பிரச்சினை தீராதா?

கார்ன்வாலிலேயே சவுத் கிராஃப்டி என்ற இன்னொரு வெள்ளீயச் சுரங்கம் இருக்கிறது, 1998-ல் மூடியது. அதைத் திரும்பத் திறக்க விரும்பும் நிறுவனம் முதலில் செய்தது ஒரு சுத்திகரிப்பு ஆலையைக் கட்டியதுதான். 2023 அக்டோபரில் அது ஓட ஆரம்பித்தது, ஒரு நாளைக்கு 2.5 கோடி லிட்டர் வரை சுரங்கத்திலிருந்து எடுத்துச் சுத்தம் செய்து ரெட் ரிவர் என்ற ஓடையில் விடும் அளவு. அதற்கு முன் பல ஆண்டுகளாக அந்தத் தண்ணீர் சுத்திகரிக்கப்படாமலேதான் அதே ஓடையில் கலந்துகொண்டிருந்தது.

ஆக, திறந்தால் சில காலத்துக்கு ஆறு நன்றாக இருக்க வாய்ப்பு உண்டு, அந்த ஆலைக்கு ஒரு முதலாளி இருப்பார் என்பதால். கனிமம் தீர்ந்து மறுபடி மூடும்போது புதிதாகத் திறந்த பாறையும் சேர்ந்து அமிலம் தரும், ஆலை தொடர்ந்து ஓடுவதற்கான பணம் அனுமதிப் பத்திரத்திலேயே எழுதி வாங்கப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.